கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: போன டயல்-அப்பும் போகாத செட்டிங்ஸும்

கே: வீட்டில் இரண்டு விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். முன்பு ஒன்றில் மோடம் வைத்து டயல்-அப் (டெலிபோன் லைன் வழி நெட்) போட்டு, கேபிள் வழியாக மற்றதற்கும் நெட்டைப் பகிர்ந்திருந்தோம். இப்போது ஃபைபர் வந்து, இரண்டையும் ரூட்டரில் சொருகியாயிற்று. முதல் கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்தாலே டயல் செய்யச் சொல்லிக் கட்டம் வருகிறது. இரண்டாவதில் நெட்டே இல்லை. செல்போனிலும் வைஃபை விட்டுவிட்டுத்தான் வேலை செய்கிறது. ரூட்டர் கோளாறா?
– வாசகர், நங்கநல்லூர்

ப: ரூட்டர் மேல் பழி வேண்டாம். முதல் கம்ப்யூட்டரில் பழைய நெட் பகிர்வு இன்னும் ஆனிலேயே இருக்கிறது. பகிர்வை ஆன் செய்ததும் விண்டோஸ் 7 அதன் லேன் கார்டுக்கு (நெட் கேபிள் சொருகும் பாகம்) 192.168.137.1 என்ற நிலையான முகவரியைப் போட்டு, கேட்கிற கருவிகளுக்கெல்லாம் தானே ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்) கொடுக்கத் தொடங்கிவிடும். ரூட்டரும் அதே வேலையைச் செய்கிறது. எது முந்திக்கொண்டு பதில் சொல்கிறதோ அதைச் செல்போன் எடுத்துக்கொள்ளும். ஒரு வாசலுக்கு இரண்டு வாட்ச்மேன். 192.168.137 என்று தொடங்கும் முகவரி வாங்கிய போன், செத்த டயல்-அப் பக்கம் போய் முட்டி நிற்கும்.

கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அடாப்டர்கள் இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். டயல்-அப் ஐகானை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் ஷேரிங் பக்கத்திலுள்ள டிக்கை எடுங்கள். அதன் பிறகே ஐகானை டெலீட் செய்யுங்கள். வரிசை மாறக் கூடாது. பிறகு லோக்கல் ஏரியா கனெக்‌ஷனின் பிராப்பர்ட்டீஸில் ஐபி வெர்ஷன் 4-ஐத் திறந்து, ஐபி, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருவது) இரண்டையும் 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள். இரண்டாவது கம்ப்யூட்டரிலும் இதையே செய்யுங்கள். அன்றைக்குக் கையால் போட்ட எண் அங்கே அப்படியே கிடக்கலாம். டிஎன்எஸ்ஸை மறந்தால் ரூட்டரின் பக்கம் மட்டும் திறக்கும், வேறு எந்தத் தளமும் திறக்காது.

டயல் கட்டம் ஒழிய, இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் கனெக்‌ஷன்ஸ் பக்கத்தில் 'நெவர் டயல் எ கனெக்‌ஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே லேன் செட்டிங்ஸில் பிராக்ஸி (நெட்டுக்கு நடுவில் நிற்கும் இடைத்தரகர் கம்ப்யூட்டர்) டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். குரோமும் இதே அமைப்பைத்தான் பார்க்கும்.

கேபிளைப் பிடுங்கிச் சொருகிவிட்டு, கனெக்‌ஷனின் ஸ்டேட்டஸில் டீடெய்ல்ஸைப் பாருங்கள். ரூட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் கம்ப்யூட்டருக்கும் 192.168.1 என்றே தொடங்கும் எண் வர வேண்டும். 169.254 என்று வந்தால் யாரும் முகவரி கொடுக்கவில்லை என்று அர்த்தம். கேபிளையோ போர்ட்டையோ சந்தேகியுங்கள். செல்போன்களிலும் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

லைன் போட வருகிறவர் கம்ப்யூட்டரில் யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டுப் புது 'பிராட்பேண்ட் கனெக்‌ஷன்' உருவாக்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வைஃபையில் செல்போன் ஓடுகிறதென்றால் ரூட்டரே லாக்-இன் செய்துகொள்கிறது. இன்னொன்று: விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. பேங்க் வேலையை அதில் செய்யாதீர்கள்.

கே: பழைய லேப்டாப்பில் இருக்கும் சிறிய மோடம் துளையில் ரூட்டர் கேபிள் போகவில்லை. கன்வெர்ட்டர் கிடைக்குமா?
– வாசகி, பெரம்பூர்

ப: துளை பொருந்தினாலும் பயனில்லை. அது 6 ஊசி இடமுள்ள டெலிபோன் சாக்கெட். ரூட்டர் கேபிளுக்கு 8. பக்கத்தில் அகலமான துளை இருக்கிறதா பாருங்கள், அதுதான் லேன். இல்லையென்றால் சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் யூஎஸ்பி-லேன் அடாப்டர் வாங்கலாம். மாறாக, டெலிபோன் ஒயரை லேன் துளையில் நுழைக்காதீர்கள். தளர்வாக உள்ளே போகும்; ஆனால் ஓரத்து ஊசிகள் வளையலாம், மணி அடிக்கும்போது வரும் மின்னழுத்தம் கார்டைப் பதம் பார்த்துவிடலாம்.