தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளின் அசைவுத் திறனை வெளிநாட்டு அளவோடு ஒப்பிடலாமா?

ஹட்டன் பக்கத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கு அசைவுத் திறன் சோதனையில் அமெரிக்க அளவைவிடப் புள்ளி குறைந்தால் பின்தங்கிவிட்டதாக அர்த்தமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி முடிவெடுக்கவே வேண்டாம்.

பல நாடுகளில் பயன்படும் டிஜிஎம்டி-2 (TGMD-2) என்ற அசைவுத் திறன் சோதனை 3 முதல் 10 வயதுவரையான பிள்ளைகளிடம் 12 அசைவுகளைப் பார்க்கிறது. ஓட்டம், ஒற்றைக்கால் தாவல் போன்றவை 6. எறிதல், பிடித்தல், உதைத்தல் போன்ற பந்து வேலைகள் 6. ஒப்பிடும் அளவுகள் அமெரிக்கப் பிள்ளைகளிடம் எடுத்தவை. அதில் அசையாமல் வைத்த பந்தை பேஸ்போல் பாணியில் அடிக்கவேண்டும். நம் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டை பிடித்துப் பழகியவர்கள். லயத்து வாசலில் சமதரையும் அரிது, பந்து தவறினால் தேயிலைச் சரிவுக்குள் போய்விடும். ஏற்றத்தில் நடந்து வளர்ந்த கால்வலிமையையோ சமநிலையையோ இந்தச் சோதனை அளப்பதில்லை.

பந்தும் இடமும் கொடுத்துச் சில மாதம் பழக்குங்கள். பிறகு அதே பிள்ளையின் பழைய புள்ளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.