முழங்காலில் தகடு வைத்த நாய்க்குக் கட்டி வருமா? மிருக வைத்தியர் பதில்கள்

கேள்வி: டொக்டர், எங்கள் ரொட்வைலருக்கு நான்கு வருடத்துக்கு முன் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து தகடு வைத்தோம். நன்றாக ஓடித் திரிந்தவன் இப்போது அதே காலை நொண்டுகிறான், வீக்கமும் இருக்கிறது. புற்றுநோயா? (கிளிநொச்சி)

பதில்: தகட்டைச் சுற்றிக் கிருமி தொற்றுவதும், மூட்டுக்குள் சவ்வு கிழிவதும்தான் கூடுதலாக நடப்பவை. ஆனாலும் எக்ஸ்ரே எடுக்காமல் விடாதீர்கள். சுகமான கால் திரும்ப நொண்டினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

கணைக்கால் எலும்பின் மேல்பகுதியை வெட்டித் திருப்பித் தகடு பூட்டும் முறைக்கு டி.பி.எல்.ஓ. என்று பெயர். அதைச் செய்த நாய்களுக்கு அதே இடத்தில் எலும்புப் புற்று வரும் வாய்ப்பு சுமார் 40 மடங்கு என்றது 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு. எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த இடத்தில் புற்று வருவதே மிக அரிது. 40ஆல் பெருக்கினாலும் பெரும்பாலான நாய்களுக்கு வராது. எடை கூடிய நாய்க்கு ஆபத்தும் கூட.

உங்களுடையது ரொட்வைலர் என்பதால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே பழுதான மூட்டில் ஹிஸ்டியோசைட்டிக் சார்க்கோமா என்ற புற்றுக் கட்டி இந்த இனத்துக்கு வருவதுண்டு. மூட்டின் இரண்டு பக்க எலும்பும் அரித்திருந்தால் அதைச் சந்தேகிப்போம். எலும்புப் புற்று பெரும்பாலும் மூட்டைத் தாண்டாது. எதுவென்று உறுதியாகச் சொல்வது சதைத்துண்டுப் பரிசோதனைதான். நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க நெஞ்சு எக்ஸ்ரேயும் சேர்த்து எடுங்கள்.

கேள்வி: நொண்டும் நாய்க்கு, வைத்தியரிடம் காட்டும்வரை வலிக்கு டைக்ளோபெனாக் கொடுக்கலாமா? (புதுக்குடியிருப்பு)

பதில்: கூடாது. ஐபுபுரோபெனும் கூடாது. வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். பனடோலையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். நாய்களுக்கென்றே வலி மருந்து இருக்கிறது.

கேள்வி: எலும்புப் புற்று என்று சொல்லிவிட்டார்கள். காலை எடுத்தால் பிழைக்குமா? (வவுனியா)

பதில்: காலை மட்டும் எடுத்தால் பொதுவாக நாலைந்து மாதம், கீமோவும் (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) கொடுத்தால் ஒரு வருடத்தை நெருங்கலாம். கண்டுபிடிக்கும்போதே கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலுக்குப் பரவியிருப்பதுதான் சிக்கல். ஆனால் வலி போய்விடும், அது சின்ன விஷயமில்லை. மூன்று காலில் எப்படி நடக்கும் என்று கவலைப்படாதீர்கள். ஏ9 வீதியோரம் அப்படி ஓடித் திரியும் ஊர் நாய்களைப் பார்த்திருப்பீர்கள். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலையில் ஒருமுறை காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: எனக்கே காலில் செல் (எறிகணை) துண்டு இருக்கிறது, அதனால் பயம். நாயின் தகட்டைக் கழற்றிவிடவா? (மாங்குளம்)

பதில்: நன்றாக நடக்கிறதென்றால் வேண்டாம். தொற்றோ, தகடு ஆடுவதோ இருந்தால்தான் கழற்றுவோம். நாயின் கணக்கை உங்கள் காலுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். அந்த இடம் வலித்தாலோ வீங்கினாலோ உங்கள் வைத்தியரிடம் காட்டுங்கள்.