சானந்தில் இருப்பவர் உங்கள் வாடிக்கையாளர்

கேள்வி: இந்திய, மலேசியப் பிரதமர்கள் சந்திக்கும்போதெல்லாம் ஒரு கட்டு ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடுகிறார்கள். பினாங்கு பிறையில் ஜிக், ஃபிக்ஸ்சர் (வேலை நடக்கும்போது பொருளை அசையாமல் பிடித்துவைக்கும் சாதனங்கள்) செய்யும் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் எனக்கு அதனால் என்ன வந்தது? இப்போது இந்தியாவே சில்லுத் தொழிற்சாலைகள் கட்டுகிறது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்பேட்டை படுத்துவிட்டால் எங்கள் கதி என்ன? இதைப் போய்ப் பாராட்டி எழுதுகிறீர்களே!
— ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஐயா, உங்கள் கோபத்தில் பாதி நியாயம். நியாயமில்லாத பாதியை முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் உங்கள் பிழைப்பு அதில்தான் இருக்கிறது.

இந்திய அரசு 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்த பிறகு எழும்பும் ஆலைகளில் குஜராத் சானந்தில் அமெரிக்கச் சில்லு நிறுவனமான மைக்ரானுடையதும் அசாம் ஜாகிரோட்டில் டாடாவுடையதும் அசெம்பிளி, டெஸ்டிங் ஆலைகள், அதாவது செய்து முடித்த சில்லை உறையிட்டுச் சோதிக்கும் ஆலைகள். 1972இல் இன்டெல் வந்ததிலிருந்து பினாங்கு செய்துவரும் அதே வேலை. எனவே போட்டியே வராது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மைக்ரான் என்ன செய்தது பாருங்கள்: 2023 ஜூனில் சானந்தை அறிவித்த அதே நிறுவனம், அதே ஆண்டு அக்டோபரில் பினாங்கின் பத்து காவானில் தன் இரண்டாவது ஆலையைத் திறந்தது. உலகத்தின் சில்லு அசெம்பிளி, டெஸ்டிங் வேலையில் ஏறக்குறைய 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. ஐம்பது ஆண்டுகளாகச் சேர்ந்த டெக்னீஷியன்கள், சப்ளையர்கள், இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டாலும் தேய்ந்துபோன ஃபிக்ஸ்சரைக் கழற்றிக்கொண்டு போய் மறுநாள் திருப்பித் தரும் உங்களைப் போன்றவர்கள், இதையெல்லாம் யாரும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட முடியாது.

இதைத்தான் நீங்கள் தலைகீழாகப் பார்க்கிறீர்கள். பாயான் லெப்பாஸ் எழுபதுகளில் இருந்த கட்டத்தில்தான் சானந்தும் ஜாகிரோடும் இப்போது இருக்கின்றன. கட்டடமும் இயந்திரமும் வந்துவிடும், சுற்றி இருக்க வேண்டிய சப்ளையர் கூட்டம் வளர காலம் பிடிக்கும். பென்டமாஸ்டர் 1991இலும் விட்ராக்ஸ் 2000இலும் இதே பினாங்கில் தொடங்கி இன்று வெளிநாடுகளுக்கு இயந்திரம் விற்கிற நிறுவனங்கள். அவர்கள் அளவுக்கு நீங்கள் வளர வேண்டும் என்று சொல்லவில்லை. புதிதாக ஆலை கட்டுகிறவனுக்கு உங்கள் கைவேலை தேவை, அதை வாங்க அவனிடம் பணமும் இருக்கிறது, நீங்களோ அவனைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள்!

சரி, நியாயமான பாதிக்கு வருவோம். 2024 ஆகஸ்ட் 20ஆம் தேதி டில்லியில் இரு நாட்டு உறவை முழுமையான வியூகப் பங்காளித்துவமாக உயர்த்தினார்கள். தொழிலாளர் வேலைவாய்ப்பு, ஆயுர்வேதம், டிஜிட்டல் தொழில்நுட்பம் என்று பல புரிந்துணர்வு ஒப்பந்தங்கள். புரிந்துணர்வு ஒப்பந்தம் பெரும்பாலும் யாரையும் எதற்கும் கட்டுப்படுத்துவதில்லை. எந்த நிலையம், எத்தனை பேருக்குப் பயிற்சி, யார் பணம் என்ற விவரம் வராதவரை அது நல்லெண்ணம் மட்டுமே, அவ்வளவுதான். அதனால் வயிறு நிறையவில்லை என்று நீங்கள் சொன்னால் நானும் உங்கள் பக்கம்.

ஆனால் கட்டுப்படுத்துகிற உடன்பாடும் ஒன்று இருக்கிறது. மலேசிய-இந்திய முழுமையான பொருளாதார ஒத்துழைப்பு உடன்பாடு 2011 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன்பே 2010இல் ஆசியான்-இந்தியச் சரக்கு உடன்பாடும் வந்துவிட்டது. இதில் எதையாவது ஒரு தடவை பயன்படுத்தியிருக்கிறீர்களா? உங்களைக் குற்றம் சொல்லக் கேட்கவில்லை, உங்களைப் போன்ற சிறு தொழில்காரர்கள் பலருக்கு இதை யாரும் உட்கார்ந்து விளக்கியதே இல்லை, எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

வேலை இப்படி. முதலில் உங்கள் பொருளின் எச்எஸ் எண்ணை (சுங்கத்துறை பொருளை வகைப்படுத்தும் எண்) சரியாகப் பிடிக்க வேண்டும். சில்லு செய்யும் இயந்திரங்கள் பலவற்றுக்கு இந்தியாவில் அடிப்படைச் சுங்க வரியே கிடையாது. அதே ஆலைக்குப் போகும் உங்கள் ஃபிக்ஸ்சர் வெறும் அலுமினியச் சாமான் என்று பதிவானால் வரி விழும். வரி விழுகிற எண் என்றால் மித்தியிடம், அதாவது முதலீடு, வர்த்தக, தொழில் அமைச்சிடம், பொருள் எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் பூர்வீகச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஆசியான்-இந்திய உடன்பாட்டின் பொது விதிப்படி, பொருளின் மதிப்பில் குறைந்தது 35 விழுக்காடு ஆசியான் நாடுகளிலோ இந்தியாவிலோ சேர்ந்திருக்க வேண்டும், வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் ஆறிலக்கச் சுங்க எண்ணும் மாறியிருக்க வேண்டும். சீனாவிலிருந்து வந்த அலுமினியத் தகட்டைச் கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்தில் கடைந்து நீங்கள் கொடுக்கும் சாமானுக்கு எண் மாறிவிடும். 35 விழுக்காட்டை நிரூபிக்கத்தான் செலவுக் கணக்கை ஒழுங்காக எழுதி வைத்திருக்க வேண்டும். 2020 செப்டம்பரிலிருந்து இந்தியச் சுங்கத்துறை சான்றிதழை மட்டும் பார்த்து விடுவதில்லை. பொருள் எப்படி உருவானது என்ற விவரத்தை அங்கே இறக்குமதி செய்பவர் கையில் வைத்திருக்க வேண்டும், அதை அவர் உங்களிடம்தான் கேட்பார். ‘தொழில் ரகசியம்’ என்று நீங்கள் மழுப்பினால் சரக்கு துறைமுகத்தில் கிடக்கும்.

இன்னொன்று. 2020 ஜனவரியில் இரு நாட்டுக்கும் இடையே அரசியல் பேச்சு முற்றி, சுத்திகரித்த செம்பனை எண்ணெய் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு போட்டது நினைவிருக்கும். எண்ணெய்க்கு வேறு நாடு கிடைக்கும். தங்கள் இயந்திரத்தின் அளவுக்கென்றே கடைந்து தருகிற ஆளை அவ்வளவு சுலபமாக மாற்ற மாட்டார்கள். புத்தாக்க ஒத்துழைப்பு என்று பெரிதாகப் பேசுகிறார்களே, உலகத்தின் சில்லு வடிவமைப்புப் பொறியாளர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நமக்கோ டெஸ்டிங்கில் கை தேர்ந்திருக்கிறது, வடிவமைப்பில் ஆள் போதவில்லை. சில்லு வடிவமைப்பு நிறுவனமான ஆர்முக்குப் பத்தாண்டுகளில் 25 கோடி அமெரிக்க டாலர் கொடுப்பதாக 2025 மார்ச்சில் நம் அரசு உடன்பட்டதும் அதனால்தான். அந்தப் பொறியாளர்களையும் நம் டெஸ்டிங் ஆட்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்காத எந்த ஒப்பந்தத்தையும் நான் பாராட்டப் போவதில்லை.

நீங்கள் இந்த வாரமே எச்எஸ் எண்ணையும் ஒரு பொருளின் செலவுக் கணக்கையும் எடுத்துக்கொண்டு பினாங்கு மித்தி கிளைக்குப் போங்கள். 2024 டிசம்பரில் பினாங்கு-சென்னை நேரடி விமானமும் தொடங்கியது, முதல் வாடிக்கையாளரை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து மின்னணு ஆலைகளில் தேடினாலும் தப்பில்லை. அப்புறம், நம் இந்திய வர்த்தகச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்தச் சான்றிதழ் வாங்கும் முறையைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், விளம்பரக் கட்டணம் இல்லாமல் அடுத்த இதழிலேயே போடுகிறேன்.