ஹார்மோன் மாத்திரை: மகள் சொல்வது சரியா, அண்ணி சொல்வது சரியா?

கேள்வி: எனக்கு 51 வயது. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. ராத்திரியில் திடீரென்று உடம்பெல்லாம் எரிந்து, நைட்டி நனைகிற அளவுக்கு வேர்க்கிறது. அப்புறம் தூக்கமே வருவதில்லை. டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "மார்பகப் புற்றுநோய் வரும், போடாதே" என்கிறாள் மகள். "உங்க அம்மா மாரடைப்பில்தானே போனாங்க, இது இதயத்துக்கு நல்லது, கட்டாயம் போடு" என்கிறார் அண்ணி. மருந்துச் சீட்டு பீரோவிலேயே கிடக்கிறது. என்ன செய்யட்டும்?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் அந்தச் சீட்டை வெளியே எடுங்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மட்டும் எழுதியிருக்கிறதா, கூடவே புரோஜெஸ்டோஜன் என்ற இரண்டாவது ஹார்மோனும் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். இது தெரியாமல் உங்கள் மகளும் அண்ணியும் எவ்வளவு வாதாடினாலும் பிரயோஜனமில்லை. கர்ப்பப்பை இருக்கிறவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தொடர்ந்து எடுத்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்து அங்கே புற்றுநோய் வரலாம், அதனால்தான் இரண்டாவது ஹார்மோனையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆபரேஷனில் கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் அது வேண்டாம். நீங்கள் ஆபரேஷன் பற்றி எதுவும் எழுதாததால், கர்ப்பப்பை இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

அண்ணியைக் குறை சொல்ல மாட்டேன். 1990களில் பெரிய பெரிய டாக்டர்களே அப்படித்தான் நம்பினார்கள். அமெரிக்காவில் நர்ஸுகளை வருடக்கணக்காகக் கவனித்து வந்த ஆய்வில் ஹார்மோன் எடுத்தவர்களுக்கு இதயநோய் குறைவாகத் தெரிந்தது. ஆனால் தாங்களாகவே ஹார்மோன் கேட்டு வாங்கிக்கொண்ட பெண்கள் பொதுவாக உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்கிறவர்களாகவும் இருப்பார்கள், அப்படியிருக்க நன்மை மாத்திரையால் வந்ததா அவர்கள் வாழ்ந்த விதத்தால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது? அதைப் பிரித்துப் பார்க்கத்தான் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற பெரிய ஆய்வை அங்கே நடத்தினார்கள். கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு இரண்டு ஹார்மோனும் கலந்த மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. 2002 ஜூலையில் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் கூடியிருந்தது, இதயத்துக்கும் நன்மை இல்லை, மாரடைப்பும் பக்கவாதமும் ரத்தக்கட்டியும்கூட அதிகமாகியிருந்தன.

உங்கள் மகள் கேள்விப்பட்டது இதைத்தான். '26 சதவீதம் அதிகம்' என்று வந்த செய்தியில் உலகமே நடுங்கிப் போனது, பல பெண்கள் மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள். ஆனால் அந்த 26 சதவீதத்தைப் பிரித்துப் பாருங்கள்: வருடத்துக்கு 10,000 பெண்களில் 30 பேருக்கு வரக்கூடிய மார்பகப் புற்றுநோய் 38 பேருக்கு வந்தது, அதாவது கூடுதலாக 8 பேர். அந்த எட்டுப் பேரும் யாரோ ஒருவருடைய அம்மாக்கள், அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனாலும் மாத்திரை போட்டாலே புற்றுநோய் வந்துவிடும் என்பதற்கும் இதற்கும் வெகுதூரம். இன்னொன்று, அந்தப் பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குமேல் ஆனவர்களே அதிகம். உங்களுக்கு ஒன்றரை வருடம்தான் ஆகிறது, இந்தக் கட்டத்தில் இதயத்துக்கு வரும் ஆபத்து அவர்களைவிடக் குறைவு.

கர்ப்பப்பை இல்லாதவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்துப் பார்த்த, அதே ஆய்வின் இன்னொரு கிளையில் பக்கவாதம் கூடியது, ஆனால் மார்பகப் புற்றுநோய் குறைவாகவே இருந்தது. ஒரே பெயரில் சொல்கிற 'ஹார்மோன்' எப்படி இரண்டு விதமாக வேலை செய்கிறது பாருங்கள். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019ல் வந்த கணக்கோ ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தாலும் மார்பகப் புற்றுநோய் சிறிது கூடுகிறது என்கிறது. எத்தனை வருடம் எடுக்கிறீர்களோ அவ்வளவுக்கு ஆபத்து ஏறும் என்பதையும் அது தெளிவாகக் காட்டியது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். இதயத்துக்காக என்று இந்த மாத்திரையைப் போடாதீர்கள். அம்மாவுக்கு மாரடைப்பு வந்ததால் பிபி, சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் இந்த வாரமே பாருங்கள், இதயத்தைக் காப்பாற்ற வழி அங்கேதான் இருக்கிறது. ஆனால் தூங்க முடியாத அளவுக்கு எரிச்சலும் வேர்வையும் இருக்கிறதே, அதற்கு ஹார்மோனைப்போல் கேட்கிற மருந்து வேறில்லை. அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துத்தான் ஆகவேண்டும் என்று யாரும் உங்களிடம் சொல்லக்கூடாது. மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், காலில் ரத்தக்கட்டி, கல்லீரல் நோய் இவற்றில் எதுவும் உங்களுக்கு வந்ததில்லை என்றால், மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்துவிட்டு, குறைந்த அளவில் தொடங்கி, வருடத்துக்கு ஒருமுறை இன்னும் தேவையா என்று டாக்டருடன் உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். தோலில் தடவும் ஜெல் கிடைக்குமா என்றும் கேளுங்கள், மாத்திரையைவிட அதில் ரத்தக்கட்டி பயம் குறைவு. ஹார்மோனே வேண்டாம் என்று தோன்றினால் வேறு மருந்துகளும் உண்டு.

மகளையும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், அவளுக்கு இருக்கிற பயத்தை அவளே கேட்கட்டும். மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும், இனிமேல் மாதவிடாய் மாதிரி ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் தள்ளிப்போடாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.