திண்ணைப் படியை இடிக்காமலே வேலை கொடுக்கலாம்

வணக்கம் ஐயா. கானாடுகாத்தானில் விடுதியாக நடத்தும் உங்கள் பூர்வீக வீட்டில், சக்கர நாற்காலியில் வரும் பெண்ணைக் கணக்கு வேலைக்கு எடுக்க விருப்பமிருந்தும், திண்ணைப் படியை இடிக்கப் பங்காளிகள் சம்மதிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இடிக்கவே வேண்டாம், ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில், இரண்டடிப் படிக்கு 24 அடியும், நடுவில் இளைப்பாறச் சிறு சமதளமும் கொண்ட, கழற்றி வைக்கக்கூடிய மரச் சாய்தளம் ஒன்றை ஆசாரியிடம் செய்யச் சொல்லுங்கள். உள்ளே அறைக்கு அறை நிற்கும் நிலைப்படிகள்தாம் உண்மையான தொல்லை என்பதால், கணக்கு மேசையை முகப்பிலேயே போட்டுவிடலாம். கழிப்பறைக் கதவு மூன்றடி அகலமாவது இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பலர் கோட்டை விடுவது அங்கேதான். (ஈரமான ஆத்தங்குடித் தரைக்கல் வழுக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.) 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் நிறுவனங்களையும் சமவாய்ப்புக் கொள்கை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கும் வேலையில் சம வாய்ப்பு தருவோம் என்ற அறிவிப்பு, வெளியிடச் சொல்கிறது என்பதைப் பங்காளிகளிடம் சொல்லுங்கள். ஆசாரியை அழைக்கும் நாளில் அந்தப் பெண்ணையும் வரச்சொல்லி, அவர் சொல்லும் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.