மகள் பறக்கட்டும், படகை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்

கேள்வி: எங்கள் சொந்த ஊர் தூத்துக்குடி. என் அப்பா தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போனவர். அவர் திரும்பி வரும்வரை அம்மா சரியாகச் சாப்பிடமாட்டார். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இப்போது ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் குடியிருக்கிறோம். எங்கள் ஒரே மகளுக்கு 17 வயது, பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். சிறு வயதிலிருந்தே இங்குள்ள கிளப் ஒன்றில் பாய்மரப் படகு ஓட்டுகிறாள். அதுவரை எங்களுக்கும் மகிழ்ச்சிதான். சென்ற மாதம் தோழி ஒருத்தியின் ‘மோத்’ படகை ஓட்டிப் பார்த்தாள். தண்ணீருக்கு மேலே எழும்பிப் பறக்கிற படகு அது. முழங்காலுக்குக் கீழே தையல் போடும் அளவுக்குக் காயத்தோடு வீட்டுக்கு வந்தாள், ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. இப்போது, இயந்திரப் பொறியியல் படிப்பை ஓராண்டு தள்ளிவைக்கிறேன், பழைய மோத் ஒன்று வாங்கித் தாருங்கள், உலகப் போட்டிக்குத் தயாராக வேண்டும் என்கிறாள். என் கணவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மாமியார், ‘வெயிலில் கறுத்து, காலில் தழும்போடு நிற்கிறாளே’ என்று புலம்புகிறார். நான் தடுப்பதா, விடுவதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெர்த்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். தடுக்காதீர்கள். அதேசமயம், அவள் கேட்டதை அப்படியே தூக்கிக் கொடுக்கவும் வேண்டாம். பறக்கும் படகில் அவள் போட்டியிடட்டும். ஆனால் இப்போதைக்கு மோத் வேண்டாம், படிப்பைத் தள்ளிவைக்கவும் வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான், நீங்கள் அவளிடம் பேசும்போது உங்கள் சொல்லுக்கு எடை இருக்கும். இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத அம்மா ‘வேண்டாம்’ என்றால் பிள்ளைகள் காதில் வாங்குவதில்லை.

உங்கள் பயத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. தோணிக்காரர் வீட்டில் பிறந்த பெண்ணுக்குக் கடலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் அப்பா போனது கரை தெரியாத கடலில். உங்கள் மகள் ஓட்டுவது ஸ்வான் நதியின் அகன்ற நீர்ப்பரப்பில். போட்டி நடக்கும்போது மீட்புப் படகுகள் சுற்றிலும் நிற்கும். மூழ்கிப் போவாள், காணாமல் போவாள் என்பதல்ல இங்கே அச்சம். வேகமும் கூர்மையும்தான் இங்கே ஆபத்து.

மோத் எப்படிப்பட்ட படகு என்று பார்ப்போம். நீளம் 3.355 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, அகலம் 2.25 மீட்டருக்குள், பாய் 8.25 சதுர மீட்டருக்குள். இவற்றைப் போன்ற சில வரம்புகளைத் தவிர மற்றதெல்லாம் கட்டுகிறவர் விருப்பம். கார்பன் இழையால் செய்யப்பட்ட மெலிந்த உடல், இருபுறமும் உட்காருவதற்கு வலை கட்டிய சட்டங்கள். பாய், பாய்மரம் எல்லாம் சேர்த்து எடை 30 கிலோ அளவுதான். நடுவில் ஒன்று, சுக்கானில் ஒன்று என இரண்டு தகடுகள் நீருக்குள் இறங்குகின்றன. அவற்றின் அடியில் தலைகீழ் ‘டி’ வடிவத்தில் சிறு இறக்கைகள் இருக்கும். ஃபாயில் என்பது இதைத்தான். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது என்பதால், அத்தனை சிறிய இறக்கையே படகையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறது.

படகின் அணியத்திலிருந்து, அதாவது முன்முனையிலிருந்து, ஒரு மெல்லிய குச்சி தொங்கி நீரின் மேற்பரப்பை உரசிக்கொண்டே வரும். படகு மேலே போனால் குச்சி தாழும். அது ஒரு கம்பி வழியாக இறக்கையின் பின்மடலை அசைத்துத் தூக்குவிசையைக் குறைக்கும். படகு இறங்கினால் எதிர்மாறாக. மோட்டாரோ மின்சாரமோ எதுவும் இல்லை. மிச்சமெல்லாம் ஓட்டுகிறவரின் உடல்தான். படகைக் காற்று வரும் பக்கமாகத் தன்மேல் சாய்த்துப் பிடித்து, ஒரு கையில் பாயின் கயிறு, மறு கையில் சுக்கான் நீட்டுக்கோல் என்று நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். எழும்பும் அந்தத் தருணத்தில், அதுவரை அடிப்பகுதியில் பட்பட்டென்று அறைந்த தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்று, ஃபாயிலின் மெல்லிய ரீங்காரம் மட்டும் கேட்கும். உங்கள் மகள் காலில் இரத்தம் வழியச் சிரித்துக்கொண்டு வந்ததற்குக் காரணம் அதுதான். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

இனி ஆபத்து. காற்றின் போக்கில் இறங்கும்போது நல்ல ஓட்டுநர்கள் 30 நாட் வேகத்தைத் தொடுகிறார்கள். அதாவது மணிக்கு 55 கிலோமீட்டர். இறக்கை நீரின் மேற்பரப்பை எட்டிவிட்டால் காற்று உள்ளே புகுந்து தூக்குவிசை ஒரேயடியாக அற்றுப்போகும். அணியம் தண்ணீரில் குத்தி நிற்க, ஓட்டுகிறவர் முன்னால் தூக்கி எறியப்படுவார். மரத்தைத் தாங்கும் கம்பியில் மோதலாம், விலா எலும்பில் அடிபடலாம். போட்டியில் எதிரெதிர்த் திசையில் காற்றை எதிர்த்து ஏறும் இரு படகுகள் நெருங்கும் வேகம் மிக அதிகம். காற்றை வலப்பக்கம் வாங்கி வரும் படகுக்கே வழியுரிமை என்பது விதி. அந்த விதி வேகமான படகில் மனப்பாடமாக இருந்தால் போதாது, உடம்பில் ஊறியிருக்க வேண்டும். நீர்ப்பாசியோ ஜெல்லி மீனோ ஃபாயிலில் சிக்கினாலும் படகு விழும்.

உங்கள் மகளின் காயம் பெரும்பாலும் இப்படி வந்ததாக இருக்காது. கவிழ்ந்த படகை நிமிர்த்தும்போதும் ஏறும்போதும்தான் கால்கள் ஃபாயிலின் ஓரத்தில் சிராய்க்கின்றன. அவளிடம் கேளுங்கள்: ‘எப்படி வெட்டியது? அப்போது என்ன அணிந்திருந்தாய்?’ அரைக்கால் சட்டையோடு போயிருந்தால் அந்தத் தையல் தவிர்த்திருக்கக் கூடியது. ஹெல்மெட், மோதலைத் தாங்கும் மிதவை அங்கி, கணுக்கால்வரை மூடும் தடித்த நீச்சலுடை, காலணி, கயிற்றை அறுக்கச் சிறு கத்தி, இத்தனையும் இல்லாமல் அவள் கரையை விட்டு இறங்கக் கூடாது. இதில் மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். 2013 மே மாதம் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவில், அமெரிக்கா கோப்பை என்ற பழம்பெரும் பாய்மரப் படகுப் போட்டிக்கான பெரிய படகு ஒன்று பயிற்சியில் கவிழ்ந்து, ஒலிம்பிக் தங்கம் வென்ற ஆண்ட்ரூ சிம்ப்சன் உயிரிழந்தார். அது உங்கள் மகளின் படகைவிடப் பலமடங்கு பெரியது. என்றாலும் இந்த விளையாட்டில் இருப்பவர்கள் பாதுகாப்பைப் பேசும்போதெல்லாம் அவர் பெயர் வரும். உங்களிடம் இதை மறைப்பது நியாயமாக இருக்காது.

அதனால்தான் மோத் வேண்டாம் என்கிறேன். அதற்குப் பதில் ‘வாஸ்ப்’ என்றொரு படகு இருக்கிறது. மோத் வகையிலேயே புகழ்பெற்ற ‘மாக் 2’ படகை வடிவமைத்த ஆஸ்திரேலியர் ஆண்ட்ரூ மெக்டூகல் உருவாக்கியது. எல்லாருக்கும் ஒரே அச்சில் வார்த்த படகு, ஆகவே பணம் செலவழித்து வேகம் வாங்க முடியாது. மரத்தைத் தாங்கும் கம்பிகள் இதில் இல்லை. தூக்கி எறியப்பட்டால் மோதுவதற்கு ஒன்று குறைவு. மோத்தில் ஃபாயிலை அடியிலிருந்து செருக வேண்டும், எனவே படகைப் பக்கவாட்டில் சாய்த்து ஆழமான நீருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வாஸ்பின் ஃபாயில்களை மேலே இழுத்துக்கொள்ளலாம், சாதாரணப் படகைப்போலத் தள்ளுவண்டியில் வைத்து இறக்கலாம். உடல் எடை குறைந்தவர்களுக்குச் சிறிய பாயும் உண்டு. பதினேழு வயதுப் பெண்ணுக்கு இது பெரிய விஷயம். பலத்த காற்றில் பெரிய பாயோடு மல்லுக்கட்டுவதில்தான் பல கவிழ்ப்புகள் நிகழ்கின்றன. வாஸ்பை ஓட்டுவது தன் தகுதிக்குக் குறைவு என்று அவள் முகம் சுளித்தால், அது தவறான கர்வம் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

அடுத்து, அவள் அவசரம். இந்த ஓராண்டை விட்டால் எல்லாம் போய்விடும் என்று நினைக்கிறாள். பதினேழு வயதில் அப்படித்தான் தோன்றும். ஆனால் இந்த விளையாட்டின் கணக்கு வேறு. இங்கிலாந்தின் பால் குடிசன் 2016, 2017, 2018 என அடுத்தடுத்து மூன்று முறை மோத் உலகப் பட்டம் வென்றார். மூன்றாவதை வென்றபோது அவருக்கு 40 வயது. 2019 டிசம்பரில் உங்கள் ஊரிலேயே, அதே ஸ்வான் நதியில் நடந்த உலகப் போட்டியில் வென்ற டாம் ஸ்லிங்ஸ்பிக்கு அப்போது 35. இன்னொன்றையும் கவனியுங்கள்: குடிசன் 2008-லும், ஸ்லிங்ஸ்பி 2012-லும் ஒலிம்பிக் தங்கம் வென்றது லேசர் படகில். பறக்காத, மெதுவான, ஒற்றை ஆள் படகு அது. உங்கள் மகள் கிளப்பில் ஓட்டிப் பழகியதும் அதே குடும்பத்துப் படகாகத்தான் இருக்கும். காற்றைப் படிப்பது, தொடக்கக் கோட்டில் இடம் பிடிப்பது, எதிராளியை மறிப்பது எல்லாம் அங்கே கற்றவை. பழைய படகை விற்றுவிட்டு வரட்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டும் கொஞ்ச காலம் இருக்கட்டும்.

படிப்பைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. இந்த விளையாட்டையும் இயந்திரப் பொறியியலையும் எதிரெதிரே நிறுத்துவது உங்கள் வீட்டில் எல்லாரும் செய்யும் பிழை, மகள் உட்பட. இன்றைய ஃபாயில் மோத் உருப்பெற்றதே பெர்த்தில்தான். 2000-களின் தொடக்கத்தில் ஜான் இலெட், கார்த் இலெட் என்ற சகோதரர்கள் அங்கே சிறு பட்டறையில் செய்து பார்த்து, உடைத்து, மறுபடி செய்து கண்டுபிடித்த வழி அது. 2005-ல் மெல்பர்னில் ரோஹன் வீல் ஃபாயில் படகில் உலகப் பட்டம் வென்றதும், பறக்காத படகுகளின் காலம் மோத் போட்டிகளில் முடிந்தது. இறக்கையின் வளைவு, கார்பன் இழையின் அடுக்கு, பின்மடலின் இணைப்பு என இவர்கள் பேசுவதெல்லாம் உங்கள் மகள் முதலாண்டிலும் இரண்டாமாண்டிலும் படிக்கப்போகும் பாடம். நீரும் காற்றும் பாயும் விதத்தைச் சொல்லும் பாய்ம இயக்கவியலைப் படித்தவள், தன் படகு ஏன் விழுகிறது என்பதை மற்றவர்களுக்கு முன்பே கண்டுபிடிப்பாள். நாளை அவள் போட்டியாளராக நிலைக்காவிட்டாலும், அமெரிக்கா கோப்பை அணிகளில் ஓட்டுகிறவர்களைவிட வடிவமைப்பாளர்களும் பொறியாளர்களும்தான் அதிகம்.

பெண்ணுக்கு அங்கே இடம் உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை; கேட்டிருக்க வேண்டும். மெதுவாகத்தான் திறக்கிறது கதவு. 2024-ல் பார்சிலோனாவில் முதன்முறையாகப் பெண்களுக்கான அமெரிக்கா கோப்பைப் போட்டி நடந்தது. இத்தாலிய அணி வென்றது. பிரேசிலின் மார்ட்டின் கிராயெல், செயில்ஜிபி என்ற பறக்கும் படகுகளின் சர்வதேசத் தொடர் போட்டியில் படகை ஓட்டும் பொறுப்பேற்ற முதல் பெண்ணானார். நம் சென்னையில் பயின்ற நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் என்பது உங்கள் மாமியாருக்குத் தெரிந்திருக்காது. சொல்லுங்கள். கறுப்பைப் பற்றியும் தழும்பைப் பற்றியும் அவர் பேசுவதை மட்டும் உங்கள் மகளின் காதுபட விடாதீர்கள். அது அன்பினால் வந்த பேச்சாகவே இருந்தாலும் வேண்டாம்.

உங்கள் கணவரின் மௌனம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. பெற்றோர் பேசாத வீட்டில் பிள்ளைகள் காயத்தை மறைக்கக் கற்றுக்கொள்வார்கள். இந்த விளையாட்டில் மறைக்கப்பட்ட தலைக்காயம் போல் கெடுதல் வேறில்லை. அவர் சம்மதிக்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. அவள் யாரிடமாவது இரவல் வாங்கிய வாஸ்பை ஓட்டும் ஒரு சனிக்கிழமை நண்பகலில் அவரைக் கிளப்புக்கு அழைத்துப் போங்கள். கோடையில் நண்பகலுக்குப் பின் தென்மேற்கிலிருந்து வரும் கடற்காற்றை உங்கள் ஊரில் ‘ஃப்ரீமாண்டில் டாக்டர்’ என்பார்களே, அது வீசத் தொடங்குவதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிடுங்கள். பறப்பதைப் பார்ப்பதற்காக அல்ல. அதற்கு முன்னும் பின்னும் அவள் செய்யும் வேலையைப் பார்ப்பதற்காக. படகைப் புல்தரையில் பக்கவாட்டில் கிடத்தி, மரம் ஏற்றி, ஃபாயிலின் ஓரத்தை விரலால் தடவிச் சிறு பள்ளம் இருக்கிறதா என்று பார்த்து, நீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, குச்சியை ஆட்டி மடல் அசைகிறதா என்று குனிந்து பார்க்கிற பொறுமை அவளிடம் இருக்கிறதா? திரும்பி வந்ததும் நன்னீரால் கழுவி வைக்கிறாளா, அல்லது அப்படியே போட்டுவிட்டு வருகிறாளா? முதல்வகை என்றால் அவளை நம்பலாம். இரண்டாம் வகை என்றால் படகு வாங்கும் பேச்சை ஆறு மாதம் ஒத்திப்போடுங்கள். முடிந்தால் மீட்புப் படகில் உங்கள் கணவருக்கு ஓர் இடம் கேளுங்கள். பெரும்பாலான கிளப்புகளில் பெற்றோருக்கு அந்த வேலை கொடுப்பார்கள், ஆள் கிடைத்தால் அவர்களுக்கும் மகிழ்ச்சிதான்.

பணத்தைப் பற்றி. மோத் போட்டிகளின் பரிசுத்தொகையால் வயிறு வளர்க்க முடியாது. ஐரோப்பாவில் போட்டி என்றால் படகைக் கப்பலில் அனுப்பி, விமானத்தில் போய், தங்கி, உடைந்ததைச் சரிசெய்து என எல்லாம் கைக்காசுதான். எனவே முதலில் ஒரு வரம்பை நிர்ணயித்து, மகளையும் உட்காரவைத்துக் காகிதத்தில் எழுதுங்கள். வாங்கும் விலை உங்கள் பங்கு. பழுது, காப்பீடு, கிளப் கட்டணம் ஆகியவற்றில் பாதியாவது அவள் பகுதிநேர வேலையில் சம்பாதிக்கட்டும். தன் காசில் ஃபாயில் வாங்கிய பிறகு யாரும் அதைக் கல்லில் இடிப்பதில்லை.

பழைய வாஸ்ப் வாங்கப் போகும்போது கிளப்பில் அனுபவமுள்ள ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். இறக்கையின் முன் ஓரத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறதா, பக்கச் சட்டங்கள் உடலோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் உண்டா, குச்சியிலிருந்து மடல்வரை உள்ள இணைப்பில் ஆட்டம் இருக்கிறதா, சுக்கானின் ஊசிகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் சம்மதித்தால், காற்று மிதமாக இருக்கும் ஒரு நாளில் உங்கள் மகள் அதை ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு முன்பணம் கொடுங்கள்.