ஏழை வெள்ளையருக்கு என்ன சிறப்புரிமை?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் முதுகலை படிக்கிறான். ‘வெள்ளையர் சிறப்புரிமை’ பற்றி அவனுடைய வகுப்பில் பாடம் நடந்திருக்கிறது. அவனோடு அறையில் தங்கியிருக்கும் வெள்ளை மாணவர் மேற்கு வர்ஜீனியாக்காரர். தந்தை நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை இழந்தவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவர்தான். “எனக்கு என்ன சிறப்புரிமை கிடைத்துவிட்டது?” என்று அவர் கேட்டதற்கு மகனால் பதில் சொல்ல முடியவில்லையாம். அவர் கேட்பது நியாயம்தானே?

பதில்: நியாயம்தான். அந்தக் கேள்வியை எடுத்த எடுப்பில் தள்ளிவிடுகிறவர்கள் அந்த நாட்டின் வறுமையைச் சரியாகப் பார்க்கவில்லை என்றே சொல்வேன். 2022ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி அங்கே வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்த வெள்ளையர், ஹிஸ்பானியர் நீங்கலாகவே, 1.6 கோடிக்கும் மேல்; கறுப்பினத்தவர் ஏறத்தாழ 76 லட்சம். விகிதத்தைப் பார்த்தால் நிலைமை தலைகீழாகிறது என்பதும் உண்மை: வெள்ளையரில் நூற்றுக்கு 9 பேருக்குச் சற்றுக் குறைவு, கறுப்பினத்தவரில் நூற்றுக்கு 17 பேர். ஆயினும் பசியோடு இருப்பவரிடம் விகிதம் பேசுவதில் பயனில்லை. 1964இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வறுமைக்கு எதிரான போரை அறிவித்துவிட்டு அதற்கு ஆதரவு தேடிப் போய் அமர்ந்த இடங்களில் ஒன்று, கிழக்குக் கென்டக்கியில் ஓர் ஏழை வெள்ளைக் குடும்பத்தின் வீட்டுத் திண்ணை. அரை நூற்றாண்டு கழித்து, 2015இல், ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவர், நடுத்தர வயது வெள்ளையரின் இறப்பு விகிதம் 1990களின் இறுதியிலிருந்து ஏறிக்கொண்டே வந்திருப்பதைக் காட்டினார்கள். போதைப்பொருள், குடியால் கெட்ட ஈரல், தற்கொலை ஆகியவை முக்கியக் காரணங்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரிப் படிப்பு இல்லாதவர்கள். உங்கள் மகனின் நண்பர் வளர்ந்த மலைநாடு இதை நேரில் கண்ட நாடு.

ஆகவே வெள்ளையராகப் பிறந்தால் வாழ்க்கை சுலபம் என்று யாராவது அந்த வகுப்பில் சொல்லியிருந்தால், அவர் பாடத்தைத் தவறாகச் சொல்லியிருக்கிறார். மற்ற எல்லாவற்றிலும் சமமாக நிற்கும் இருவரை எடுத்துக்கொண்டு, நிறம் மட்டும் அவர்களுக்கிடையே என்ன வேறுபாட்டை உண்டாக்குகிறது என்று பார்ப்பதே அந்தக் கருத்தின் வேலை. சுரங்கத் தொழிலாளியின் மகனை வங்கி முதலாளியின் மகனோடு ஒப்பிடக் கூடாது. பக்கத்து வீட்டுக் கறுப்பினச் சுரங்கத் தொழிலாளியின் மகனோடு ஒப்பிட வேண்டும்.

அப்படி ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. டேவா பேஜர் என்ற சமூகவியலாளர் மில்வாக்கி நகரில் நான்கு இளைஞர்களைச் சாதாரண வேலைகளுக்கு விண்ணப்பிக்க அனுப்பினார். பட்டப்படிப்புக் கேட்காத, அடிமட்ட வேலைகள். இருவர் வெள்ளையர், இருவர் கறுப்பினத்தவர். நான்கு பேருமே பேச்சும் தோற்றமும் திருத்தமாக உள்ள கல்லூரி மாணவர்கள். ஒவ்வொரு இணையிலும் ஒருவர், தாம் போதைப்பொருள் வழக்கில் சிறை சென்று திரும்பியவர் என்று விண்ணப்பத்தில் எழுதுவார். அந்தப் பொய்யான குற்றப் பின்னணியை இருவரும் மாற்றி மாற்றிச் சுமப்பார்கள். மொத்தம் 350 முதலாளிகள். குற்றப் பின்னணி இல்லாத வெள்ளையரைத் திரும்ப அழைத்தவர்கள் நூற்றுக்கு 34 பேர்; சிறை சென்றவராகச் சொன்ன வெள்ளையரை அழைத்தவர்கள் 17 பேர்; எந்தக் குற்றமும் செய்யாத கறுப்பினத்தவரை அழைத்தவர்கள் 14 பேர்; சிறை சென்ற கறுப்பினத்தவரை அழைத்தவர்கள் 5 பேர். 2003இல் வெளியான இந்த முடிவில் நடுவில் இருக்கும் இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் போதும். வெள்ளையரிலும் வேலை கிடைக்காமல் திரும்பியவர்களே அதிகம் என்பதையும் அதே கணக்கு சொல்கிறது. அவர்களில் ஒருவரிடம் போய் ‘உனக்குச் சிறப்புரிமை உண்டு’ என்றால் அவர் நம்பமாட்டார். தமக்குப் பின்னால் வந்தவருக்குக் கதவு இன்னும் இறுக்கமாக மூடியது அவர் கண்ணில் படுவதில்லை.

வீட்டு விஷயத்தில் இந்த வேறுபாடு இன்னும் ஆழமானது, ஏனெனில் அதை உண்டாக்கியது தனிமனிதரின் வெறுப்பு மட்டுமல்ல, அரசின் விதி. 1930களில் மத்திய அரசு நிறுவனம் ஒன்று நகரங்களுக்கு வரைபடம் தயாரித்து, கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைச் சிவப்பு நிறமிட்டு, கடன் கொடுக்க ஆபத்தான இடங்கள் என்று தரம் பிரித்தது. 1934இல் தொடங்கிய வீட்டுவசதி நிர்வாகமும் தனது கடன் காப்பீட்டில் அதே வழியைப் பின்பற்றியது. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு வீட்டுக்கடன், படிப்புச் செலவு எல்லாம் தரும் சட்டம் 1944இல் வந்தது. சட்டத்தின் வாசகத்தில் நிறம் இல்லை, ஆனால் கடனை அனுமதிக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தவர் உள்ளூர் வங்கிக்காரர். மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் 1947இல் அந்தச் சட்டத்தின் கீழ் உத்தரவாதம் பெற்ற 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை 2. வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968இல்தான் வந்தது. அதற்குள் ஒரு தலைமுறை வெள்ளையர் வீடு வாங்கி, அதன் விலை ஏறி, பிள்ளைகளுக்கு எழுதி வைக்கும் நிலைக்கு வந்திருந்தார்கள். 2022இல் சொத்து வரிசையில் நடுவே நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் சொத்து மதிப்பு 2,85,000 டாலர், அப்படி நடுவே நிற்கும் கறுப்பினக் குடும்பத்தினுடையது ஏறத்தாழ 44,900 டாலர்.

இங்கேதான் அந்த மாணவரின் பக்கம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. வகுப்பறைகளில் இதைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவருடைய பாட்டனார் வாழ்ந்தது சுரங்கக் கம்பெனிக்குச் சொந்தமான வீடாக இருந்திருந்தால், புறநகர்க் கடன்கள் வந்த காலத்தில் அவருக்கு வாங்க வீடும் இல்லை, விற்க வீடும் இல்லை. நிறம் அவரை வரிசையில் நிற்க அனுமதித்தது. வர்க்கம் அவர் கைக்கு எதுவும் வராமல் பார்த்துக்கொண்டது.

இந்த ஏற்பாடு எங்கிருந்து தொடங்கியது என்று பார்த்தால் விஷயம் துலங்கும். 1676இல் வர்ஜீனியாவில் நடந்த பேக்கன் கலகத்தில், ஒப்பந்தக் கூலிகளாக வந்த வெள்ளையரும் ஆப்பிரிக்க அடிமைகளும் ஒரே அணியில் நின்று தலைநகரான ஜேம்ஸ்டவுனைக் கொளுத்தினார்கள். (அதை ஏழைகளின் புனிதப் புரட்சியாகக் கொண்டாடவும் முடியாது, பூர்வகுடிகளின் நிலத்தைப் பறிக்கும் வெறியும் அதில் இருந்தது.) பிந்தைய ஆண்டுகளில் அந்தக் காலனியின் சட்டங்கள் இருவரையும் படிப்படியாகப் பிரித்தன. 1705ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒப்பந்தம் முடிந்து வெளியேறும் ஆண் கூலிக்கு எஜமானர் 10 புஷல் மக்காச்சோளமும், 30 ஷில்லிங் பணமும், ஒரு துப்பாக்கியும் தர வேண்டும். கிறிஸ்தவ வெள்ளைக் கூலியை நீதிபதியின் உத்தரவு இல்லாமல் நிர்வாணமாக்கிச் சவுக்கால் அடிக்கக் கூடாது. அடிமை வளர்த்த குதிரை, மாடு, பன்றி ஆகியவற்றைப் பறிமுதல் செய்து விற்று, அந்தப் பணத்தை ஊரின் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். பண்ணையாரின் நிலத்தில் ஒரு பிடி மண்கூட ஏழை வெள்ளையருக்குப் போகவில்லை. அடிமையின் பன்றியை விற்ற காசில் பங்கு போனது. 1935இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ், வெள்ளைத் தொழிலாளிக்குக் கூலி குறைவானாலும் மரியாதை என்ற வடிவில் வேறொரு கூலி கிடைத்துவந்தது என்று எழுதியது இதே ஏற்பாட்டின் தொடர்ச்சியைப் பற்றித்தான்.

உங்கள் மகன் தன் நண்பரிடம் பேச நினைத்தால், சிறப்புரிமைப் பட்டியலை நீட்ட வேண்டாம். 2019இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், வெள்ளையர் சிறப்புரிமை பற்றிப் படித்த முற்போக்காளர்களுக்கு ஏழைக் கறுப்பினத்தவர்மீது பரிவு கூடவில்லை. ஏழை வெள்ளையர்மீது இருந்த பரிவு குறைந்தது. இந்தப் பாடம் அப்படி முடிந்தால் அதனால் யாருக்கும் ஆதாயமில்லை. அவருடைய மாநிலத்தின் பிளேர் மலையில் 1921இல் நடந்ததைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். ஒன்று சேரமாட்டார்கள் என்ற கணக்கில் சுரங்க உரிமையாளர்கள் உள்ளூர் வெள்ளையர், தெற்கிலிருந்து வந்த கறுப்பினத்தவர், ஐரோப்பாவிலிருந்து வந்தவர் என்று கலந்து வேலைக்கு வைத்திருந்தார்கள். அவர்களில் சுமார் 10,000 பேர், கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிக்கொண்டு, தொழிற்சங்க உரிமைக்காகச் சேர்ந்து போரிட்டார்கள். அந்த மாணவரின் முன்னோர் யாராவது அங்கே இருந்திருக்கவும் கூடும்.

கேள்வி: கறுப்பின மருத்துவரின் மகள் சுரங்கத் தொழிலாளியின் மகனைவிட வசதியானவள்தானே? வருமானத்தை மட்டும் பார்த்துக் கல்லூரி இடம் கொடுத்தால் என்ன?

பதில்: வசதியானவள்தான், சந்தேகமில்லை. ஆனால் பணம் எல்லா இடத்திலும் துணைக்கு வருவதில்லை. 2009இல் ஹார்வர்டு பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ், பயணத்திலிருந்து திரும்பி, திறக்காத தம் வீட்டுக் கதவைத் தள்ளித் திறந்ததற்காகப் போலீஸ் வந்து, வாக்குவாதம் முற்றி, தம் வீட்டுத் திண்ணையிலேயே கைதானார். மகப்பேறு மரணம் பற்றி 2019இல் வெளியான அரசு ஆய்வில், பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களின் இறப்பு விகிதம் பள்ளிப்படிப்பை முடிக்காத வெள்ளைப் பெண்களின் விகிதத்தைவிட அதிகமாக இருந்தது. படிப்பும் சம்பளமும் சரிசெய்யாத எதுவோ ஒன்று அங்கே வேலை செய்கிறது என்பதைத் தவிர இதற்கு என்ன விளக்கம் சொல்வது?

சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை உச்ச நீதிமன்றம் 2023இல் ஏறக்குறைய முடித்துவைத்துவிட்டது. அதே ஆண்டு வெளியான ராஜ் செட்டி குழுவினரின் ஆய்வு, ஒரே தேர்வு மதிப்பெண் பெற்றவர்களிலும், மேல்தட்டு ஒரு விழுக்காட்டுக் குடும்பப் பிள்ளைகள் நடுத்தரக் குடும்பத்தினரைவிட இரு மடங்குக்கும் மேலாகப் பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் சேர்கிறார்கள் என்று காட்டியது. முன்னாள் மாணவரின் பிள்ளை என்ற முன்னுரிமை, விளையாட்டு வீரர் சேர்க்கை போன்ற வழிகள் பெரும்பாலும் அவர்களுக்குத்தான் திறந்திருக்கின்றன. சுரங்கத் தொழிலாளியின் மகனுக்குக் கிடைக்காத இடம் யாரிடம் இருக்கிறது என்பதை அங்கே தேடலாம். வருமானத்தை அளவுகோலாக்குவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரே வருமானமுள்ள இரண்டு குடும்பங்களின் சொத்து ஒன்றாக இருப்பதில்லை என்பதால், சொத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

கேள்வி: இந்தியர்கள் யார் தயவும் இல்லாமல் அங்கே உழைத்து முன்னேறினார்கள். வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் நடுவிலுள்ள இந்த வழக்கில் நமக்கு என்ன வேலை?

பதில்: நாமும் ஒரு முறை அந்த வழக்கில் கட்சிக்காரராகவே நின்றிருக்கிறோம். குடியுரிமை ‘சுதந்திரமான வெள்ளையருக்கு’ மட்டும் என்று 1790இல் தொடங்கிய சட்ட விதியின் கீழ், ஜப்பானியரான தக்காவோ ஒசாவா 1922 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்: தோல் வெளுத்திருந்தால் போதாது, காக்கேசிய இனமாக (அக்கால இன வகைப்பாட்டில் ஐரோப்பியர் அடங்கிய பிரிவு) இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. மூன்று மாதம் கழித்து, முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணிபுரிந்த பகத் சிங் திந்த், அறிவியலாளர் வகைப்பாட்டின்படி தாம் காக்கேசியர்தானே என்று வாதிட்டார். ஒசாவா தீர்ப்பை எழுதிய அதே நீதிபதி ஜார்ஜ் சதர்லாந்து, அறிவியல் முக்கியமில்லை, சாதாரண மனிதர் யாரை வெள்ளையர் என்று நினைக்கிறாரோ அவரே வெள்ளையர் என்று எழுதினார். சதர்லாந்து தாமே இங்கிலாந்தில் பிறந்து குடியேறியவர். திந்த் தரப்பு வாதம் நமக்குப் பெருமை சேர்ப்பதல்ல. தாம் உயர்சாதி ஆரியர், இந்தியாவின் பூர்வகுடிகளை, அமெரிக்கர் நீக்ரோக்களைப் பார்ப்பதுபோலவே பார்ப்பவர் என்பதையும் அதில் சேர்த்திருந்தார்கள். வேலியை அகற்றச் சொல்லாமல், தம்மை உள்ளே விடச் சொன்ன வாதம் அது, அதுவும் எடுபடவில்லை. தீர்ப்புக்குப் பின் ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது.

1946இல் இந்தியருக்குக் குடியுரிமை பெறும் வழி திறந்தபோது ஆண்டுக்கு 100 பேர்தான் குடியேறலாம் என்ற வரம்பும் கூடவே வந்தது. அந்த நாடுவாரி ஒதுக்கீட்டு முறையை ஒழித்த சட்டம் 1965இல் நிறைவேறியது. கறுப்பினத்தவர் அடிவாங்கியும் சிறை சென்றும் பெற்ற, பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைகள் சட்டம் அதற்கு முந்தைய ஆண்டில் வந்தது. இன வேறுபாடு பார்க்கும் குடியேற்றச் சட்டத்தை இனி நியாயப்படுத்த முடியாது என்ற நிலையை உண்டாக்கியது அந்தப் போராட்டம். இன்று அங்கே இருக்கும் இந்தியக் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவை 1965க்குப் பிறகு, படிப்பையும் தொழில்திறனையும் பார்த்து ஆள் தேர்ந்தெடுத்த அந்தச் சட்டத்தின் வழியாகவும் அதன் தொடர்ச்சிகளின் வழியாகவும் உள்ளே போனவை.